சொந்த நிரலும் இரவல் நிரலும்: மென்பொருள் நூலகங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தனக்குத் தேவையானவற்றைத் தானே ஆக்கிக்கொள்வதா, பிறர் ஆக்கியவற்றைப் பெற்றுப் பயன்படுத்துவதா என்னும் வினா பொருளியல் வரலாற்றிலே மிகப் பழையதாகும். உழவன் தன் கலப்பையைத் தானே செதுக்கிக்கொண்ட காலமும் உண்டு. அதனைத் தச்சனிடமும் கொல்லனிடமும் ஒப்படைத்த காலமும் உண்டு. தொழிற்பிரிவு வளர வளர இரண்டாவது வழியே மேலோங்கிற்று. உழவன் பெற்ற இலாபம் நேரம். இழந்தது கலப்பையைப் பற்றிய அறிவு. கணனித் துறையில் இதே வினா 1940களின் இறுதியில் எழுந்தது. ஒரு வேலைக்கான செய்நிரலை முழுவதும் சொந்தமாக எழுதுவதா, அன்றிப் பிறர் எழுதி வைத்த நிரல் நூலகங்களிலிருந்து பகுதிகளை எடுத்து இணைத்துக்கொள்வதா என்பதே அது. இவ்வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையினரும் அளித்த விடைகளையும், அவ்விடைகளுக்கு அவர்கள் கொடுக்க நேர்ந்த விலையையும் நோக்குவது பயனுடையதாகும்.

நூலகம் என்னும் கருத்தின் தொடக்கத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுகூடத்திலே காணலாம். மொறிஸ் வில்க்ஸ் தலைமையில் அங்கு அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணனி 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி தன் முதற் கணிப்பைச் செய்தது. இயந்திரத்தை அமைப்பதே கடினம், அதற்குக் கட்டளைகள் எழுதுவது எளிது என்றே அதுவரை பலரும் கருதியிருந்தனர். சில வாரங்களிலேயே அந்நம்பிக்கை தகர்ந்தது. வில்க்ஸ் எழுதிய முதலாவது பெரிய நிரல் 126 கட்டளைகளைக் கொண்டது. அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்பதை மாடிப்படிகளில் ஏறிக்கொண்டிருந்த ஒரு வேளையில் தாம் உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பிழையைக் குறைக்கும் வழி ஒன்றே தென்பட்டது. ஒருமுறை எழுதிச் சோதித்த பகுதியை மறுபடி எழுதாதிருத்தலே அது. ஆய்வு மாணவராயிருந்த டேவிட் வீலர் இதற்கு வேண்டிய உபாயத்தைக் கண்டார். துணைநிரல் ஒன்றுக்குத் தாவுமுன் பிரதான நிரல் தான் நின்ற இடத்தைக் குறித்து வைக்கும். துணைநிரல் தன் வேலை முடிந்ததும் அக்குறிப்பைக் கொண்டு திரும்பிவரும் கட்டளையைத் தானே அமைத்துக்கொள்ளும். இதனால் ஒரே துணைநிரலை எந்த நிரலிலும், எந்த இடத்திலிருந்தும் அழைக்க முடிந்தது. துளையிட்ட கடதாசி நாடாக்களிலே பதியப்பட்ட துணைநிரல்கள் ஓர் உருக்கு அலுமாரியிலே வரிசையாக வைக்கப்பட்டன. வேண்டுவோர் நாடாவை எடுத்து, படியெடுத்து, மீள வைத்தனர். வில்க்ஸ், வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட நிரலாக்க நூல் இம்முறையை உலகறியச் செய்தது. அவ்வாண்டில் நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. வர்க்கமூலம், மடக்கை, திரிகோண கணிதம், வகையீட்டுச் சமன்பாடு, விடைகளை அச்சிடுதல் என அவை பலதிறப்பட்டன.

கேம்பிரிட்ஜ் நூலகத்தின் வெற்றிக்கு அதன் நுட்பம் மாத்திரம் காரணமன்று. எழுதியவரும் எடுத்தவரும் ஒரே கட்டிடத்தில் வாழ்ந்தனர். ஐயம் எழுந்தால் எழுதியவரையே கேட்கலாம். எனினும், இந்நிலை நெடுநாள் நீடிக்காது என்பதை வீலர் அறிந்திருந்தார். துணைநிரலை எழுதிச் சோதித்த பின்னரும் ஒரு பணி எஞ்சியிருக்கின்றது, அதன் உள்ளமைப்பை அறியாதவரும் பயன்படுத்தக்கூடியதாக அதனை விவரித்தலே அப்பணி, அனைத்திலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம் என 1952இல் அவர் எழுதினார். பின்வந்த வரலாறு முழுவதும் இக்கூற்றுக்கு உரை எழுதியது போலவே அமைந்துள்ளது.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதே தேவை உணரப்பட்டது. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் மார்க் 1 இயந்திரத்தில் 1944 முதல் பணியாற்றிய கிறேஸ் ஹொப்பரும் அவருடைய தோழர்களும் சரியென நிறுவப்பட்ட நிரற்பகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, ஒருவரிடமிருந்து மற்றவர் கையாற் படியெடுத்தனர். படியெடுக்கும்போதே புதிய பிழைகள் புகுந்தன. இவ்வனுபவமே, நூலகத்திலிருந்து துணைநிரல்களை இயந்திரமே தேடி இணைக்கட்டும் என்னும் எண்ணத்துக்கு அவரை இட்டுச் சென்றது. யுனிவாக் கணனிக்கென அவர் ஆக்கி 1952 அளவில் இயங்கிய ஏ-0 என்னும் தொகுப்பி அவ்வெண்ணத்தின் விளைவாகும்.

அடுத்த கட்டத்தில் நூலகம் ஒரு நிறுவனத்தின் சுவர்களைத் தாண்டிற்று. ஐ.பி.எம். நிறுவனத்தின் 701 கணனியைப் பெற்றோர் தத்தமக்குரிய அடிப்படை நிரல்களைத் தாமே எழுதினர். அருகருகே இருந்த விமானத் தொழிற்சாலைகள் ஒரே வேலையை வெவ்வேறாகச் செய்து பணத்தை விரயமாக்கின. 704 கணனி வெளிவந்தபோது இவ்விரயத்தைத் தவிர்க்க விரும்பியோர் 1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்காவிற் கூடி 'ஷெயார்' என்னும் பயனர் சங்கத்தை அமைத்தனர். சந்தையிலே போட்டியாளராயிருந்தோர் நிரல்களைப் பங்கிட்டுக்கொள்வதிற் கூட்டாளிகளாயினர். ஆயினும் இவ்வாறு பரிமாறப்பட்ட நிரல்களோடு, அவற்றின் செம்மைக்கு எழுதியவரோ சங்கமோ பொறுப்பல்லர் என்னும் அறிவித்தலும் சேர்ந்தே வந்தது. பகிர்தலும் பொறுப்புத் துறத்தலும் ஒரே காலத்திற் பிறந்தன என்பது நோக்கற்பாலது.

அக்காலத்தில் மென்பொருள் பெரும்பாலும் இயந்திரத்தோடு விலையின்றி வந்தது. 1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளையும் சேவைகளையும் வன்பொருளிலிருந்து பிரித்துத் தனியே விலையிடப்போவதாக அறிவித்தது. இயந்திரம் செய்பவர் ஒரு தரப்பு, அதனை வாங்குபவர் மறுதரப்பு என்றிருந்த உறவினுள்ளே, மென்பொருளை மாத்திரம் விற்கும் மூன்றாந் தரப்பினர் வலுவாகக் காலூன்ற இது வழிசெய்தது. இன்று பரவலாக வழங்கும் 'மூன்றாந் தரப்பு மென்பொருள்' என்னும் தொடரின் பின்னணி இதுவேயாகும்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1968 ஒக்டோபரில், மேற்கு யேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருட் பொறியியல் மாநாடொன்று நடைபெற்றது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்றோய் அங்கு ஒரு கனவை முன்வைத்தார். திருகாணியையும் மின்தடையையும் பட்டியலைப் பார்த்து வாங்குவதுபோல, நிரலாளரும் தமக்கு வேண்டிய திருத்தமும் வேகமும் உடைய நிரற்கூறுகளைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. நிரலாக்கம் இன்னும் கைத்தொழில் நிலையிலேயே உள்ளது, அது பெருந்தொழிலாக மாறவேண்டும் என அவர் வாதிட்டார்.

இக்கனவு முதலிற் கைகூடிய துறைகளுள் எண்கணிப்பு முதன்மையானது. பிரித்தானியாவிற் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி 1970இல் நொட்டிங்காமை மையமாகக்கொண்டு கணிப்புமுறைக் குழுவொன்றைத் தொடங்கின. பின்னர் ஒக்ஸ்போட்டுக்கு இடம்பெயர்ந்து 'நாக்' என்னும் பெயரில் நிலைபெற்ற அந்நூலகத்தின் முதற் பதிப்பு 1971இல் வெளிவந்தது. அமெரிக்காவில் ஐஸ்பாக், லின்பாக், லாபாக் என்பன அடுத்தடுத்து உருவாகின. இத்துறையிற் சொந்தமாக எழுதுவோர் தோற்றதன் காரணத்தை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். x² − 10000x + 1 = 0 என்னும் இருபடிச் சமன்பாட்டின் சிறிய மூலம் ஏறத்தாழ 0.0001 ஆகும். ஆறு இலக்கங்களை மாத்திரம் வைத்திருக்கும் இயந்திரமொன்றிற் பாடநூற் சூத்திரத்தை அப்படியே எழுதினால், வர்க்கமூலத்தினுள்ளே 99999996 என்பது 100000000 ஆக மட்டந்தட்டப்படும். 10000இலிருந்து 10000 கழிக்கப்பட்டு விடை பூச்சியமாகும். சூத்திரம் சரி, நிரலும் சரி, விடையோ பிழை. பெரிய மூலத்தை முதலிற் கண்டு, இரு மூலங்களின் பெருக்கமாகிய 1ஐ அதனால் வகுத்தால் இத்தீங்கு நேராது. நூலகத்தை எழுதிய எண்கணிப்பு அறிஞர் இதனை அறிவார். தம் ஆய்வுக்கு விடை தேடும் பௌதிகவியலாளர் பெரும்பாலும் அறியார். ஆகவே இங்கு நூலகத்திலிருந்து பெறப்படுவது நேரம் மாத்திரமன்று. பிறர் பட்டறிந்த அறிவுமாகும்.

சொந்தமாக எழுதுவதன் உண்மையான செலவைக் கணக்கிட முயன்றவர் பிரெட் புறூக்ஸ் ஆவார். ஒருவர் தம் தேவைக்கென எழுதும் நிரலைப் பிறரும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய பொருளாக மாற்றுவதற்கு மும்மடங்கு உழைப்பு வேண்டும், அதனைப் பிற நிரல்களோடு இயைந்தியங்கும் தொகுதியின் கூறாக ஆக்குவதற்கு மற்றுமொரு மும்மடங்கு வேண்டும், எனவே மொத்தச் செலவு ஒன்பது மடங்காகும் என 1975இல் வெளிவந்த தம் நூலில் அவர் மதிப்பிட்டார். ஒரு வார இறுதியில் எழுதிவிடலாம் எனத் தோன்றும் நிரல் பல மாதங்களை விழுங்குவதன் காரணம் இதுவே. 1986இல் எழுதிய கட்டுரையொன்றில், மென்பொருளை ஆக்காது வாங்கிவிடுவதே மிகத் தீவிரமான தீர்வென்றும் அவர் கூறினார்.

இவ்வாறு நோக்குமிடத்து இரவல் நிரலின் பக்கமே நியாயம் முழுவதும் இருப்பதாகத் தோன்றும். ஆனால் 1980களிலும் 1990களிலும் நிகழ்ந்தவை மறுபக்கத்தைக் காட்டின. யுனிக்ஸ் இயக்கமுறைமையை ஆக்கியவர்களுள் ஒருவரான கென் தொம்சன், ரியூரிங் பரிசு பெற்றபோது ஆற்றி 1984இல் அச்சான உரையில், பிறர் எழுதிய மூலநிரலை வரிக்கு வரி வாசித்தாலும் அதனை நம்ப முடியாது என்பதை நிறுவினார். மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே வாசகரின் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கள்ளவழியைப் புகுத்திவிடக்கூடும். அத்தொகுப்பியின் மூலநிரலிற்கூட அதன் சுவடு எஞ்சாதிருக்கலாம்.

இன்னும் ஆழமான பாடத்தைப் புகட்டியவை இரு விபத்துகளாகும். கனடாவில் ஆக்கப்பட்ட தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தினால் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளர் அளவு கடந்த கதிர்வீச்சுக்கு ஆளாயினர்; அவர்களிற் சிலர் உயிரிழந்தனர். அவ்வியந்திரத்தின் மென்பொருளில் ஒரு பகுதி முந்திய மாதிரிகளிலிருந்து எடுக்கப்பட்டதாகும். முந்திய மாதிரியாகிய தெராக்-20இலும் அதே பிழைகளுள் ஒன்று இருந்தது. அங்கு தனிப்பட்ட வன்பொருட் காப்பமைப்புகள் இருந்தமையால் ஆபத்து நேரவில்லை; ஆகவே பிழை இருந்ததும் தெரியவில்லை. புதிய மாதிரியிற் காப்பமைப்புகள் நீக்கப்பட்டன. பழைய மென்பொருளின் மீதான நம்பிக்கை மாத்திரம் எஞ்சிற்று.

அரியான் 5 ஏவுகலத்தின் கதையும் இதனை ஒத்ததே. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆந் திகதி பிரெஞ்சுக் கயானாவின் கூரூ தளத்திலிருந்து முதன்முறையாகப் புறப்பட்ட அக்கலம் ஒரு நிமிடமும் கழியுமுன் சிதறியது. அதன் திசையறி தொகுதியின் மென்பொருள் அரியான் 4இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெறுமானத்தை 64 துணுக்கு எண்ணிலிருந்து 16 துணுக்கு முழுவெண்ணாக அது மாற்றியது. அரியான் 4இன் பாதையில் அப்பெறுமானம் 32767ஐத் தாண்டக் காரணமிருக்கவில்லை. வேகமாகச் செல்லும் அரியான் 5இல் அது தாண்டியது. மாற்றுத் தொகுதியிலும் அதே மென்பொருளே இருந்தமையால் இரண்டும் ஒரே காரணத்தால் அடுத்தடுத்துச் செயலிழந்தன. இதிற் கொடுமை யாதெனில், அக்கணிப்பு அரியான் 5 புறப்பட்ட பின்னர் எவ்விதப் பயனுமற்றது என்பதாகும்.

இவ்விரு நிகழ்வுகளிலும் பயன்பட்டது வேற்று நிறுவனத்தின் நிரலன்று என்பது சிந்திக்கத்தக்கது. இரண்டிலும் தம் முந்திய ஆக்கத்தின் நிரலே மறுபடி கையாளப்பட்டது. எனினும் அந்நிரல் எழுதப்பட்ட சூழலின் எடுகோள்கள் மறக்கப்பட்டபோது சொந்த நிரலும் அந்நிய நிரலாயிற்று. எனவே சொந்தம், இரவல் என்னும் பிரிவு நிரலை யார் எழுதினார் என்பதால் மாத்திரம் அமைவதன்று. அதன் எடுகோள்களை யார் அறிவார் என்பதாலும் அமைவதாகும்.

இதற்கு எதிரிடையான சான்றுகளும் உள. நெற்ஸ்கேப் நிறுவனம் தன் இணைய உலாவியின் இரகசியத் திறவுகோல்களுக்கு வேண்டிய எழுமாற்று எண்களை ஆக்கும் பகுதியைத் தானே வகுத்தது. நேரத்தையும் இயங்கும் நிரல்களின் இலக்கங்களையும் கொண்டே அவ்வெண்கள் ஆக்கப்படுகின்றன என்பதையும், ஆதலால் அவற்றை ஊகித்துவிடலாம் என்பதையும் 1995இற் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர் இருவர் வெளிப்படுத்தினர். மறையீட்டியலிற் சொந்த முயற்சி ஆபத்தானது என்னும் கருத்தை இது வலுப்படுத்திற்று. இரவல் நிரலை அரைகுறை அறிவோடு திருத்துவது இதனினும் தீயது. டெபியன் இயக்கமுறைமையைப் பேணியோர் 2006இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் சில வரிகளை, சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக நீக்கினர். அதன் விளைவாக, ஒவ்வொரு வகைத் திறவுகோலுக்கும் 32768 அளவிலான சாத்தியங்களே எஞ்சின. இக்குறை 2008 மே மாதத்திலேயே கண்டறியப்பட்டது.

சொந்தமாக எழுதியதனாற் பெரும்பயன் விளைந்ததற்கும் வரலாற்றிற் சான்றுண்டு. டொனால்ட் நூத் தம் நிரலாக்க நூலின் இரண்டாம் பாகத்து மறுபதிப்பின் அச்சுப்படிகளை 1977இற் கண்டு மனமுடைந்தார். கணிதக் குறியீடுகளின் அச்சமைப்பு முந்திய பதிப்பினும் தாழ்ந்திருந்தது. கிடைத்த எக்கருவியும் தம் தேவையை நிறைவு செய்யாதெனக் கண்ட அவர், டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலைத் தாமே எழுதத் தொடங்கினார். குறுகிய காலத்தில் முடியுமென எண்ணிய வேலை பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. புறூக்சின் ஒன்பது மடங்கு இங்கும் மெய்யாயிற்று. ஆயினும் அச்செம்மையே நூத்தின் நோக்கத்தின் உயிராயிருந்தமையால் அவ்வுழைப்பு வீணாகவில்லை. அதனை அவர் விலையின்றி வழங்கவே, ஒருவரின் சொந்த நிரல் உலகக் கணிதவியலாளரின் பொதுநூலகமாயிற்று.

1983இல் அறிவிக்கப்பட்ட குனூ திட்டமும், பின்னர் இணையமும் நூலகங்களின் எண்ணிக்கையைப் பெருக்கின. பேர்ள் மொழிக்குரிய சீபான் களஞ்சியம் 1995இலும், யாவாஸ்கிரிப்ற் மொழிக்குரிய என்பிஎம் 2010இலும் தொடங்கின. ஒரு கட்டளையால் ஒரு நூலகத்தையும், அந்நூலகம் வேண்டும் ஏனைய நூலகங்களையும் பெற முடிந்தது. கேம்பிரிட்ஜ் அலுமாரியின் முன் நின்றவர் எதனை எடுக்கின்றார் என்பதை அறிந்திருந்தார். இன்றைய நிரலாளரோ தாம் எடுத்தவற்றின் பெயர்களைக்கூட முழுமையாக அறியார். 2016 மார்ச்சில், பெயருரிமைப் பிணக்கொன்றினால் மனங்கசந்த ஒருவர் தம் நூலகங்களை என்பிஎம்மிலிருந்து நீக்கினார். அவற்றுள் 'லெப்ட்-பாட்' என்பது எழுத்துத்தொடரின் இடப்புறத்தை நிரப்பும் 11 வரி நிரலாகும். அது மறைந்ததும் உலகெங்கும் எண்ணற்ற மென்பொருட் திட்டங்கள் தடைப்பட்டன. மாணவர் ஒருவர் சில நிமிடங்களில் எழுதக்கூடியதை இரவல் வாங்கியமைக்குக் கொடுத்த விலை அது.

பெரிய நூலகங்களின் நிலையோ வேறுவகையிற் கவலைக்குரியது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 'ஹார்ட்பிளீட்' எனப்பட்ட குறை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துநின்ற அந்நூலகத்துக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2000 டொலரே என்பது தெரியவந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க நூலகத்திற் கள்ளவழியொன்று கண்டுபிடிக்கப்பட்டது. தனித்து உழைத்துக் களைத்திருந்த பராமரிப்பாளருக்கு உதவுவதுபோல் வந்த ஒருவர், ஈராண்டுக் காலம் நம்பிக்கையைத் தேடிப் பின்னர் அதனைப் புகுத்தியிருந்தார். தொலைக்கணனியொன்றில் நுழைய வழமையிலும் அரைச் செக்கன் கூடுதலாகச் செல்கின்றதே எனத் துருவிப் பார்த்த ஒரு பொறியியலாளரின் விழிப்பே பேரிடரைத் தவிர்த்தது. 1984இல் தொம்சன் விடுத்த எச்சரிக்கை நாற்பது ஆண்டுகளின் பின் மெய்யாயிற்று.

தமிழ் எழுத்தின் கணனி வரலாறும் இவ்வினாவோடு தொடர்புடையதே. 1980களிலும் 1990களிலும் தமிழ் மென்பொருள் ஆக்கியோர் தத்தமக்கெனக் குறியேற்றமும் எழுத்துருவும் வகுத்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் கணனியில் வாசிக்க முடியாதிருந்தது. 1991இல் வெளியான யூனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதெனினும், 'கொ' போன்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து அமைதலைக் காட்டும் விதிகளை யாரேனும் நிரலாக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் இதனைத் தனித்தனியே செய்ய முயன்றபோது எழுத்துகள் சிதைந்தே தோன்றின. இன்று ஹார்ப்பஸ் என்னும் பொதுநூலகம் பயர்பொக்ஸ், அண்ட்றொயிட், லிப்ரஒபிஸ் முதலிய பலவற்றில் இப்பணியை ஆற்றுகின்றது. அங்கு ஒரு பிழை திருத்தப்படின் அவையனைத்திலும் தமிழ் திருந்தும். பிழையொன்று புகுந்தாலும் அவ்வாறே அவையனைத்திலும் பரவும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், வரலாறு எப்பக்கத்துக்கும் முழுவெற்றியை வழங்கவில்லை என்பது புலனாகும். எண்கணிப்பு, மறையீடு, எழுத்துருவாக்கம் போன்று, பலர் பட்டறிந்த நுண்ணறிவு வேண்டப்படும் இடங்களில் நூலகமே தக்கது. ஒரு முயற்சியின் உயிர்நிலையாக அமைவதையும், சில வரிகளில் முடிந்துவிடுவதையும் சொந்தமாக எழுதுதல் தகும். எவ்வழியைத் தெரிந்தாலும், நிரலின் எடுகோள்களை அறிந்துகொள்ளும் கடமை நீங்குவதில்லை. இரவல் வாங்குவோருக்கு மற்றுமொரு கடமையும் உண்டு. கேம்பிரிட்ஜ் அலுமாரியிலிருந்து நாடாவை எடுத்தவர் படியெடுத்தபின் அதனை மீள வைத்தார். அலுமாரியைப் பேணியவரையும் அறிந்திருந்தார். பொதுநூலகங்களைக் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டும் நிறுவனங்கள் அவற்றைப் பேணும் சிலரின் உழைப்புக்கு ஏதேனும் மீள வைக்கின்றனவா என்பதே இன்று எஞ்சியுள்ள வினாவாகும். மென்பொருள் நூலகங்களின் எதிர்காலம் அதற்கு அளிக்கப்படும் விடையிலேயே பெரிதும் தங்கியுள்ளது.